எங்கே பிரசவம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கேள்வி: எனக்கு வயது 25. பாம்பனுக்கு அருகில் பிறந்த வீடு; சாயல்குடி பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். தலைப்பிரசவம் என்பதால் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். 33 வாரம் முடிந்துவிட்டது. கார்த்திகையில் தேதி கொடுத்திருக்கிறார்கள். பிரஷர், சுகர் இல்லை. குழந்தையின் தலை கீழே திரும்பியிருக்கிறது, நச்சுக்கொடி மேலே இருக்கிறது, ஆனால் கொடி கழுத்தில் ஒரு சுற்று சுற்றியிருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னார்கள். ரத்தம் 9.6. வலியை நினைத்தால் இரவில் தூக்கம் வருவதில்லை. ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று நானே கேட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. கத்தாரில் இருக்கும் என் கணவர், விடுமுறைக்கு ஏற்றபடி தேதி குறித்துவிட்டால் நல்லது என்கிறார். அம்மா நல்ல நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாமியாரோ, "நாலு பிள்ளையையும் வீட்டுலயே பெத்தேன், வயித்தக் கிழிச்சு எடுத்தா அது என்ன பிரசவம்? காசுக்காகக் கத்தி வைக்கிறாங்க" என்கிறார். என் நாத்தனாருக்கு ஆபரேஷன் ஆனதிலிருந்து அவரைக் கனமான வேலைக்கு ஆகாதவர் என்றே ஒதுக்கிவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பு நான் அம்மாவோடு கடல்பாசி எடுக்கப் போவேன். ஆபரேஷன் ஆனால் மறுபடியும் கடலில் இறங்க முடியாதா? அடுத்த பிள்ளைக்கும் கத்திதானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான்கு பேருடைய விருப்பம் இருக்கிறது. உங்களுக்கு வலி வேண்டாம், கணவருக்குத் தேதி வேண்டும், அம்மாவுக்கு நட்சத்திரம் வேண்டும், மாமியாருக்குக் கத்தி வேண்டாம். இவற்றில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு விருப்பங்களுமே, குழந்தை எந்த வழியில் பிறக்கும் என்பதைப் பிரசவத்துக்குப் பல வாரங்கள் இருக்கும்போதே வீட்டில் உட்கார்ந்து தீர்மானித்துவிடலாம் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கின்றன. தலை திரும்பிய ஒற்றைக் குழந்தை, கருப்பை வாயை மறைக்காத நச்சுக்கொடி, இயல்பான ரத்த அழுத்தம், சர்க்கரை என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இன்றைய தேதியில் உங்களுக்கு அறுவை தேவை என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. தேவைப்படவே படாது என்று எழுதிக் கொடுக்கவும் எந்த மருத்துவராலும் முடியாது. அது வலி எடுத்த பிறகு, குழந்தையின் இதயத்துடிப்பையும் கருப்பை வாய் விரிவதையும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. இன்றைக்கே நீங்கள் எடுக்கக்கூடிய முடிவு, எடுத்தாக வேண்டிய முடிவு ஒன்று உண்டு. பிரசவம் எந்த இடத்தில் என்பதுதான் அது. நம் கடற்கரையில் அந்த முடிவைத் தள்ளிப்போட்டவர்கள்தான் நள்ளிரவில் அலைகிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் பயத்தைப் பற்றிப் பேசிவிடுவோம்.

பிரசவ வலிக்குப் பயப்படுவதை வெளியே சொல்ல நம் பெண்கள் கூசுகிறார்கள். உடன் வந்திருக்கும் பெரியவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகப் பேசும்போதுதான் அது வாய்க்கு வருகிறது. பயம் அளவு கடந்து போவதை மருத்துவம் ஒரு நிலையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பயத்தினால் சிசேரியன் கேட்கும் பெண்ணுக்கு மனநல ஆதரவு அளித்துப் பேச வேண்டும், அதன் பிறகும் அவர் அதையே விரும்பினால் செய்துகொடுக்க வேண்டும் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் 2011-ஆம் ஆண்டிலிருந்தே சொல்கிறது. நம் அரசு மருத்துவமனைகளில் தாய் கேட்டார் என்பதற்காக மட்டும் அறுவை செய்யும் வழக்கம் பொதுவாக இல்லை. தனியாரில் பல இடங்களில் கேட்டால் கிடைத்துவிடும். கிடைக்கிறது என்பதற்காகக் கேட்கலாமா என்றால், உங்கள் நிலையில் வேண்டாம் என்பதே என் கருத்து.

ஏனென்றால் சிசேரியன் வலியில்லாத பிரசவம் அல்ல. பிரசவ வலியை ஒரே நாளில் ரொக்கமாகக் கட்டி முடிக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், அறுவையின் வலியைத் தவணையில் கட்டுகிறோம்: முதல் நாள் இருமும்போது, மறுநாள் எழுந்து கழிப்பறைக்கு நடக்கும்போது, அதற்கடுத்த நாட்களில் பால் கொடுக்கப் புரண்டு படுக்கும்போது என்று. சுகப்பிரசவத்தில் கிழிசலும் தையலும் உண்டு, சிலருக்குச் சிறுநீரை அடக்க முடியாத தொல்லையும் வருவதுண்டு; அதை மறைத்து உங்களை ஒரு பக்கமாகச் சாய்க்க நான் விரும்பவில்லை. இருந்தாலும் ரத்த இழப்பு, புண்ணில் கிருமித் தொற்று, கால் நரம்பில் ரத்தம் உறைவது ஆகிய மூன்றுமே அறுவையில் கூடுதல். அதைவிட முக்கியமானது, கருப்பையில் ஒரு தழும்பு விழுந்துவிட்டால் அடுத்த கர்ப்பத்தில் நச்சுக்கொடி அந்தத் தழும்பின் மேல் ஒட்டிக்கொண்டு பிரியாமல் போகும் ஆபத்து வருகிறது என்பது. ஒவ்வொரு தழும்புக்கும் அந்த ஆபத்து ஏறிக்கொண்டே போகிறது. மூன்று பிள்ளைகள் வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்கள் முதல் பிரசவத்திலேயே இதை யோசிக்க வேண்டும்.

வலிக்கு வேறு வழிகள் உண்டு. வலி எடுத்த பிறகு மல்லாந்தே படுத்துக் கிடக்காமல் நடப்பது, உட்காருவது, ஒருக்களித்துப் படுப்பது எல்லாமே உதவும். முதுகில் மெல்லிய குழாய் வழியாக மருந்து செலுத்தி வலியைக் குறைக்கும் எபிடியூரல் முறை எல்லா இடத்திலும் கிடைக்காது. நீங்கள் போகப்போகும் இடத்தில் இருக்கிறதா என்று முன்பே கேட்டு வையுங்கள். இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது உடனிருக்கும் ஒரு பெண்ணைத்தான். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண் உறவினரைப் பிரசவ அறைக்குள் அனுமதிக்கும் ஏற்பாடு இருக்கிறது. வலி தொடங்கியதிலிருந்து ஒருவர் விடாமல் உடனிருந்தால் சிசேரியன் தேவைப்படுவதே குறைகிறது என்பது பல நாடுகளில் செய்த ஆய்வுகளில் தெரிந்த செய்தி. அந்த ஒருவர் யார் என்பதை உறவு முறையை வைத்து முடிவு செய்யாதீர்கள். "கத்தாதே, நாங்கள் எல்லாம் பெறவில்லையா" என்று அதட்டுபவர் அம்மாவாகவே இருந்தாலும் வெளியே இருப்பது நல்லது. முதுகை நீவிவிட்டுத் தண்ணீர் கொடுத்துப் பேசாமல் நிற்கத் தெரிந்தவர் போதும். தூக்கமின்மை இன்னும் இரண்டு வாரம் தொடர்ந்தால் அதை அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடமே சொல்லுங்கள், செவிலியரிடம் சாடையாகச் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டாம்.

இனி உங்கள் மாமியாரின் பேச்சு. அவருடைய சந்தேகம் முழுவதும் ஆதாரமற்றது என்று ஒரு மருத்துவராக இருந்துகொண்டு என்னால் எழுத முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். நாடு முழுவதற்குமான அளவு 21.5 சதவீதம்தான். அதே கணக்கில் நம் மாநிலத்து அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம், தனியாரில் ஏறத்தாழ 64 சதவீதம். ஒரே ஊர்ப் பெண்கள், ஒரே உடல்வாகு. போகும் வாசல் மாறினால் வயிற்றில் தழும்பு விழும் வாய்ப்பு இவ்வளவு மாறுகிறது என்றால் எல்லாக் காரணமும் வயிற்றுக்குள் இருக்கிறது என்று சொல்ல முடியாது. நேரம் பார்த்து முடித்துவிடும் வசதி, வழக்குக்குப் பயம், கட்டணம், இரவு முழுவதும் வலியில் இருக்கும் பெண்ணைப் பார்த்துக்கொள்ள ஆள் பற்றாக்குறை, "ஏதாவது செய்யுங்கள் டாக்டர்" என்று வாசலில் நிற்கும் உறவினரின் அவசரம் எல்லாமே அதில் சேர்ந்திருக்கின்றன. ஒரு மக்கள்தொகையில் சிசேரியன் அளவு 10 சதவீதத்தைத் தாண்டிக் கூடுவதால் தாய்-சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவித்தது. அது ஊருக்குச் சொன்ன கணக்கு. பிரசவ மேசையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அதைக் காட்டி, "உனக்குத் தேவையில்லை" என்று சொல்லவும் கூடாது.

நான்கு பிள்ளைகளையும் வீட்டில் பெற்றதாக அவர் சொல்வது பெருமைக்குரியதுதான். ஆனால் அந்தக் காலத்தில் வீட்டில் பெற்றுப் பிழைத்தவர்கள் மட்டுமே இன்று கதை சொல்ல இருக்கிறார்கள். குழந்தை குறுக்கே கிடந்தும், நச்சுக்கொடி வழியை மறைத்தும், உதிரம் நிற்காமலும் போன பெண்கள் ஒவ்வொரு குப்பத்திலும் இருந்தார்கள். வயதானவர்களிடம் பெயர் கேட்டால் சொல்வார்கள். கத்தி தேவைப்பட்ட இடத்தில் அது கிடைக்காததால் போனவர்கள் அவர்கள். உங்கள் நாத்தனாரைக் குத்திக்காட்டும்போது இதை நினைவுபடுத்துவது உங்கள் கணவரின் வேலை. மருமகள் சொன்னால் அது வாயாடித்தனமாகிவிடும்.

எனவே அறுவை நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, என்ன காரணத்துக்கு என்று கேட்பது பயன் தரும். நச்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்தாலோ, வலி வந்த நேரத்தில் குழந்தை குறுக்காகக் கிடந்தாலோ, தொப்புள்கொடி முதலில் நழுவி வெளியே வந்துவிட்டாலோ, குழந்தையின் துடிப்பு விழுந்து ஏறாமல் நின்றாலோ மறுபேச்சுக்கு இடமில்லை. மிக அவசரமானவற்றில் முடிவெடுத்த 30 நிமிடத்துக்குள் குழந்தையை வெளியே எடுக்க முயல்வார்கள். அந்த நேரத்தில் யாரும் உங்களுக்கு உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள், நீங்களும் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கேட்கும் காரணங்கள் வேறு. "கொடி சுத்தியிருக்கு", "தண்ணி கம்மியா இருக்கு", "தலை இறங்கல". இவற்றில் உங்களுக்குச் சொல்லப்பட்டது முதலாவது. நான்கைந்து குழந்தைகளில் ஒன்றுக்காவது பிறக்கும்போது கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது. தலை வெளியே வந்தவுடன் விரலால் கொடியைத் தளர்த்தித் தலைக்கு மேலாக எடுத்துவிட்டுப் பிரசவத்தைத் தொடர்கிறோம். குழந்தை வயிற்றுக்குள் கழுத்தால் மூச்சு விடுவதில்லை; கொடி வழியாக வரும் ரத்தம்தான் அதற்கு மூச்சு. ஆகவே சுற்று இருப்பது ஆபத்து அல்ல, அந்தக் கொடி அழுந்தி ரத்தம் தடைப்படுவதுதான் ஆபத்து. அப்படித் தடைப்பட்டால் துடிப்பில் தெரியும். 33 வாரத்து ஸ்கேனில் இருந்த சுற்று வலி வரும்போது அவிழ்ந்திருக்கவும் கூடும். ஒரு சுற்றுக் கொடியை மட்டும் காட்டி யாராவது உங்களுக்கு இப்போதே அறுவைக்குத் தேதி குறித்தால், ஒப்புக்கொள்ளும் முன் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். தண்ணீர் குறைவுக்கும் நேராக அறுவை என்பதில்லை. மாதம் நிறைந்திருந்தால் வலி வரவழைத்துப் பார்க்க இடமுண்டு. தலை இறங்காதது முதல் கர்ப்பத்தில் பலருக்கும் வலி தொடங்கும் வரை இருப்பதுதான்.

பிரசவ அறையில் உங்கள் தலைமாட்டில் ஒரு தாள் இருக்கும். பார்ட்டோகிராம் என்பார்கள். அதில் ஒரு கோடு குழந்தையின் துடிப்பு. நிமிடத்துக்கு 110-க்கும் 160-க்கும் இடையே இருந்தால் நிம்மதி. வலி வலுத்த பிறகு அரை மணிக்கு ஒரு முறையாவது, முக்கும் நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதைக் கேட்டுக் குறிக்க வேண்டும். இன்னொரு கோடு கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் விரிந்திருக்கிறது என்பது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிந்தாக வேண்டும் என்ற பழைய கணக்கை மட்டும் வைத்து அறுவைக்குப் போக வேண்டாம் என்றும், 5 சென்டிமீட்டரிலிருந்துதான் பிரசவம் முழு வேகத்தில் தொடங்கியதாகக் கொள்ள வேண்டும் என்றும், அதிலிருந்து முதல் பிரசவத்துக்கு 12 மணி நேரம் வரை ஆகலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018-இல் திருத்திச் சொன்னது. எனவே தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்போது, "ரொம்ப நேரமாகிவிட்டது" என்பது தனியே ஒரு காரணம் ஆகாது. அறுவை வேண்டும் என்று சொல்லப்பட்டால் இரண்டு கேள்வி கேளுங்கள்: என்ன காரணம், இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தால் என்ன ஆகும்? பொறுக்க முடியாது என்று பதில் வந்தால் உடனே கையெழுத்துப் போடுங்கள். உங்கள் உடம்புக்குக் கையெழுத்துப் போடும் உரிமை உங்களுக்கு இருக்கிறது; கத்தாருக்கு போன் கிடைக்கும் வரையிலோ சாயல்குடியிலிருந்து பெரியவர்கள் வந்து சேரும் வரையிலோ காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. கணவரிடமும் மாமியாரிடமும் இதை இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.

இடத்துக்கு வருகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர்கள் பார்க்கும் பிரசவத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆபத்தில்லாத இரண்டாம், மூன்றாம் பிரசவத்துக்கு அது நல்ல இடம். உங்களுக்கு இது முதல் பிரசவம், ரத்தமும் குறைவு. இரவு பகல் எந்நேரமும் அறுவை அரங்கும், மயக்க மருத்துவரும், ரத்த வங்கியும், பச்சிளங்குழந்தைப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கும் சீமாங் மையத்தில்தான் நீங்கள் பிரசவிக்க வேண்டும். உங்களுக்கு அது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கல்லூரி 2022-இல் தொடங்கியது. முன்பு சிக்கல் என்றாலே மதுரைக்கு அனுப்ப வேண்டியிருந்த பலரை இப்போது இங்கேயே பார்க்க முடிகிறது. அங்கே அறுவையானாலும் சுகப்பிரசவமானாலும் கட்டணம் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவி எந்த வழியில் பிறந்தாலும் ஒன்றுதான்.

பாம்பனிலிருந்து ராமநாதபுரம் நாற்பது கிலோமீட்டரை ஒட்டிய தூரம். நல்ல நாளில் ஒரு மணி நேரம். உங்கள் தேதியோ கார்த்திகை அடைமழையில் விழுகிறது. 2020 டிசம்பரில் புரெவி புயல் மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றது உங்கள் அம்மாவுக்கு மறந்திருக்காது. தீவிலிருந்து கரைக்கு வர இருப்பது ஒரே ஒரு சாலைப் பாலம். ஆகவே 38 வாரம் ஆனதும் ராமநாதபுரத்திலோ உச்சிப்புளி பக்கத்திலோ உறவினர் வீடு இருந்தால் அங்கே வந்து தங்கிவிடுங்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்ற முறைக்கு இதனால் குறைவு வராது, அம்மா கூடவே வரட்டும். அப்படி வசதி இல்லையென்றால், வானிலை எச்சரிக்கை வந்தவுடன் வலிக்குக் காத்திராமல் போய்ச் சேர்ந்துவிடுங்கள். மற்ற நாட்களில், வலி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சீராக வரத் தொடங்கியதுமே 108-ஐ அழையுங்கள்; ஊருக்குள் இருப்பவர்களுக்குச் சொல்லும் ஐந்து நிமிடக் கணக்கு தீவில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, தண்ணீர் பச்சையாகப் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ வலியே இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும்.

ரத்தம் 9.6 என்பதை நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. சுகப்பிரசவத்தில் இயல்பாக இழக்கும் ரத்தத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு அறுவையில் போகும். எந்த வழியில் பிறந்தாலும் கையிருப்பு வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் சத்து உடலில் சேராது. எலுமிச்சைச் சாற்றோடோ நெல்லிக்காயோடோ எடுங்கள், தேநீருக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். நாட்கள் குறைவாக இருப்பதால் மாத்திரை மட்டும் போதுமா, நரம்பில் ஏற்றும் இரும்புச்சத்து மருந்து வேண்டுமா என்பதை இந்த வாரமே மருத்துவரிடம் கேளுங்கள். முருங்கைக் கீரையும் மீனும் சாப்பிடுங்கள். ஆனால் உணவை மட்டும் நம்பி இந்த ஏழு வாரத்தில் 11-ஐ எட்ட முடியாது.

ஒருவேளை அறுவையே தேவைப்பட்டால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்; தெரியாததால்தான் பாதி பயம். முதுகில் போடும் ஊசியால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும்; விழித்திருப்பீர்கள், யாரோ இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், வலி தெரியாது. முதல் சில நிமிடங்களிலேயே குழந்தை வந்துவிடும், தையல் போடத்தான் மிச்ச நேரம். அந்த ஊசியால் ஆயுளுக்கும் முதுகுவலி வரும் என்பது சரியல்ல. சிலருக்குச் சில நாள் தலைவலி வரும், அதற்கு மருந்துண்டு. முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கலாம். தண்ணீர் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும், வயிறு பெருக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை மட்டும் பத்தியமாக ஏற்காதீர்கள். தண்ணீர் குறைந்து, படுத்தே கிடந்தால்தான் காலில் ரத்தம் உறையும், பாலும் குறையும். மற்றபடி அம்மா பால்சுறாப் புட்டு செய்து கொடுத்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல புரதம் அது. காய்ச்சல், தையலில் நாற்றம், ஒரு கால் மட்டும் வீங்குதல், மூச்சுத் திணறல், உதிரம் கூடுதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

கடல்பாசி விஷயத்துக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன்: மறுபடியும் இறங்கலாம். ஆறு வாரத்துக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம். தையல் முழுவதும் ஆறி, உதிரப்போக்கு முற்றிலும் நின்ற பிறகே உப்புத் தண்ணீர். ஆனால் உங்கள் தொழிலில் ஒரு சங்கதி உண்டு. காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பறித்த பாசியை இடுப்பில் கட்டிய பையில் சேர்க்கிறீர்கள். நனைந்த பாசியின் கனம் இழுக்கிற அந்தக் கயிறு, அடிவயிற்றில் தழும்பு இருக்கும் இடத்துக்கு மேலேயே பதியும். ஆகவே முங்கி எடுக்கும் வேலைக்கு மூன்று மாதமாவது விடுங்கள், பிறகும் முதல் சில வாரங்களுக்குப் பையை இடுப்பில் கட்டாமல் மிதவையில் கட்டிக்கொள்ளுங்கள். அறுவை செய்த பெண்கள் வயல் வேலைக்கும் உப்பளத்துக்கும் திரும்பிப் போகிறார்கள். உங்கள் நாத்தனாரை ஆகாதவர் என்று ஒதுக்கியதற்கு மருத்துவக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவருக்கு நிஜமாகவே வலி இருந்தால் பரிசோதிக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

அடுத்த பிள்ளைக்கும் கத்திதானா என்ற கேள்விக்கு, கட்டாயம் இல்லை என்பது பதில். முதல் அறுவைக்கான காரணம் திரும்ப வராமல், வெட்டு கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக இருந்திருந்தால், முயன்று பார்ப்பவர்களில் நான்கில் மூவருக்கு அருகில் சுகப்பிரசவம் ஆகிறது. தழும்பு விட்டுப்போகும் ஆபத்து ஏறத்தாழ 200-இல் ஒருவருக்கு உண்டு என்பதால், உடனே அறுவை செய்யக்கூடிய இடத்தில் மட்டுமே அதை முயல வேண்டும். எல்லா மருத்துவமனைகளும் முயல்வதும் இல்லை. எனவே அறுவை நடந்தால், ஏன் நடந்தது, வெட்டு எப்படி என்று எழுதிய டிஸ்சார்ஜ் தாளைக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். அந்தத் தாள் இல்லாமல் வருபவருக்கு இரண்டாவது முறை துணிந்து முயல எந்த மருத்துவரும் தயங்குவார். அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு வருடமாவது இடைவெளி விடுங்கள். அதற்குக் காப்பர்-டி வேண்டுமா என்று அங்கேயே கேட்பார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது, வேண்டுமா வேண்டாமா என்பதை முன்பே யோசித்துச் சொல்லிவிடுங்கள்.

நட்சத்திரத்துக்கும் விடுமுறைக்கும் ஒரே பதில்தான். மருத்துவக் காரணம் இல்லாமல் தேதி குறித்துச் செய்யும் அறுவையை 39 வாரத்துக்கு முன் செய்யக் கூடாது. 37 வாரத்தில் எடுத்த குழந்தை பார்க்கக் கொழுகொழு என்று இருந்தாலும், மூச்சுத் திணறிப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் சேர்க்க நேரும் வாய்ப்பு அதற்கு அதிகம். பிறக்கும் நேரத்தை நாமே தேர்ந்தெடுத்த பிறகு அந்த ஜாதகத்துக்கு என்ன மதிப்பு என்று ஜோசியரிடமே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் அம்மாவை. கணவரிடம், பிறக்கும் நாளுக்குப் பொருத்தி டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கொடுத்த தேதியன்றே பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு; அவர் வந்து பத்து நாள் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போன பிறகு வலி வந்தால் யாருக்கும் பயனில்லை. தேதி தாண்டி ஒரு வாரம் கழித்து வந்து சேரும்படி விடுமுறையை மாற்றிக்கொள்ளட்டும். பிரசவ அறைக்குள் அவரை விடவும் மாட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் தேவை: எந்த வழியில் பிறந்திருந்தாலும் ஆறு வாரத்துக்கு நீங்கள் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, நம் பக்கத்தில் குடிதண்ணீர் குழாயடியிலிருந்துதான் வருகிறது, விடுமுறை முடியும் வரை அந்தக் குடத்தை அவர் தூக்கட்டும்.